புதுக்கோட்டை தந்த மருத்துவ மாமணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)



சென்ற ஆண்டு என் அண்ணியார் கருவுற்றிருந்த சமயம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து அரசு உதவித்தொகை பெறுவதற்காகச் சில விவரங்களை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் என் கையெழுத்துத்தான் முத்துக் கோத்தாற்போல் இருக்கும் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் ஆயாவுக்கு வைத்தியம் பார்ப்பதற்காகப் புதுப்பட்டினத்தில் பேருந்து ஏறி, மாமல்லபுரம், கோவளம் எல்லாம் கடந்து, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்று வந்தோம். அதை உருவாக்கியவரும் இதே அம்மையார்தான் என்று அங்கே ஒரு பெரியவர் சொல்லக் கேட்டேன். பிள்ளை பிறக்கும் இடத்திலும் இந்தப் பெயர், நோய் தீர்க்கும் இடத்திலும் இந்தப் பெயர். யார் இந்த அம்மையார் என்று எங்கள் வரலாற்று ஆசிரியையான அருட்சகோதரியைக் கேட்டேன். அவர் நூலகத்துக்குப் போய்ப் படித்துத் தெரிந்துகொள் என்று சொல்லிவிட்டார். படித்தேன். படித்ததன் விளைவே இக்கட்டுரை.

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். இவர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள். சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அவரை மணந்துகொண்ட காரணத்தால் நாராயணசாமி ஐயரைச் சொந்த உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே கல்வியும் உண்டு, ஊரில் மதிப்பும் உண்டு, ஆனால் நல்லது கெட்டதுக்கு அழைப்பு மட்டும் இல்லை என்ற ஒரு விசித்திரமான வீட்டில் அம்மையார் வளர்ந்தார்.

தேவதாசி முறை என்பது என்னவென்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது தெரியாவிட்டால் அம்மையாரின் வாழ்க்கையே விளங்காது. சில குலங்களில் பிறந்த பெண் குழந்தைகளை, அவர்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே, கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டிவிடுவார்கள். இறைவனையே மணந்தவள் என்பது அதன் பொருள். அப்பெண் ஆடலும் பாடலும் கற்றுக் கோயில் பணி செய்வாள். கோயில் நிலத்தில் அவளுக்கென ஒரு மானியமும் உண்டு. ஆனால் பிற பெண்களைப் போல அவள் மணம் செய்துகொள்ள முடியாது. பெரும்பாலும் ஊரில் செல்வாக்குள்ள ஓர் ஆடவரின் ஆதரவில் காலம் கழிப்பாள். அவள் பிள்ளைகளுக்குத் தந்தை பெயர் சொல்லும் உரிமை கிடையாது. அந்தக் குலத்துப் பெண்ணின் வயிற்றில் பிறந்து, தந்தை பெயரையும் சொல்லக் கூடியவராய் இருந்தவர் நம் அம்மையார்.

அக்காலத்தில் பெண் பெரியவளானதும் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவார்கள். முத்துலட்சுமிக்கும் பதின்மூன்று வயதில் அதுதான் நேர்ந்தது. தாயாருக்கு மகளைக் காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை. அந்தக் கவலையை நாம் எளிதாகப் பழித்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. சந்திரம்மாளின் குலத்தில் முறைப்படி திருமணம் என்பதே எட்டாக் கனியாக இருந்தது. தமக்குக் கிடைத்தும் ஊர் ஏற்காத ஒன்று, மகளுக்காவது ஊரறியக் கிடைக்கட்டுமே என்று ஒரு தாய் நினைப்பது இயல்புதானே? தந்தையாரோ மகளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்து வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1902ஆம் ஆண்டு முத்துலட்சுமி தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆடவர் படிக்கும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். தந்தையார் அதில் முதல்வராக இருந்தவர் என்றாலும் அப்போது அப்பதவியில் வேறொருவர் இருந்தார். பெண் ஒருத்தி வந்தால், அதிலும் இன்ன குலத்துப் பெண் வந்தால், மாணவர்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. பிள்ளையைக் கல்லூரியை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிய பெற்றோரும் உண்டாம்! இறுதியில் வழக்கு மன்னரிடம் சென்றது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டார். 1904இல் அம்மையார் கல்லூரியில் சேர்ந்தார். மூடிய வண்டியில் போவார், மறைவுத் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்பார், மூடிய வண்டியிலேயே திரும்பி வருவார். தோழியரே, நம் வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை என்று நாம் போடும் சண்டையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த மன்னரைப் பற்றி ஒரு செய்தி. கட்டுரைக்கு அது அவசியமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1915இல், அவர் ஆஸ்திரேலியாவில் மாலி பிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியை மணந்தார். ஆங்கில அரசு அத்திருமணத்தை மனமார ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அரசுரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது. மன்னர் நாட்டை விட்டே சென்று 1928இல் அயல்நாட்டில் காலமானார். ஓர் ஏழைப் பெண்ணோ, கல்லூரி மாணவியோ, அரசனோ, யாராக இருந்தாலும் அவர்களுக்கு மேலே அனுமதி தர வேண்டியவர் ஒருவர் இருந்துகொண்டேதான் இருந்தார் போலும்.

1907இல் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் பெண் இவரே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூவரும் அங்கே சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அறுவை மருத்துவம் போன்ற துறைகளில் சிறந்து, பல தங்கப் பதக்கங்களோடு 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பெண் ஹவுஸ் சர்ஜனாக முதன்முதல் அமர்ந்த பெருமை முத்துலட்சுமி அம்மையாருக்கே உரியது. ஊரார் பேச்சுக்கு அவர் சொன்ன பதில் அந்தப் பதக்கங்கள்தாம்.

உலகின் வேறு மூலைகளில் என்ன நடந்தது என்று பார்த்தேன். அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களுக்குச் சட்டப்படியான திருமணமே கிடையாது. எசமான் நினைத்தால் கணவனை ஓர் ஊருக்கும் மனைவியை வேறோர் ஊருக்கும் விற்றுவிடலாம். 1865இல் விடுதலை வந்ததும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் இல்வாழ்க்கையைத் திருமணமாகப் பதிவு செய்துகொண்டார்கள். அதற்கு ஓராண்டு முன்னதாக, 1864இல், ரெபெக்கா லீ கிரம்ப்ளர் என்ற கறுப்பினப் பெண்மணி பாஸ்டன் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. அவருடைய கணவர் ஆர்தர் கிரம்ப்ளர் அடிமைத்தளையில் இருந்து வந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்ததும் அந்த அம்மையார் ரிச்மண்ட் நகருக்குச் சென்று, விடுதலை பெற்ற ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஒரு நாட்டில் திருமணமே விடுதலைக்கு அடையாளம். நம் நாட்டில் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கோ அதுவே பூட்டு. திருமணம் நல்லதா கெட்டதா என்று நம் பட்டிமன்றத்தில் பேசுகிறோமே, அதைவிட, வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று கேட்பதுதான் பொருத்தமாக இருக்கும்.

நம் திருச்சபையிலும் இதைப் போன்ற வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த டாக்டர் மேரி குளோரி 1920இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து துறவற சபையில் சேர்ந்தார். அருட்சகோதரிகள் மருத்துவத் தொழில் செய்வதற்கு அப்போது திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி வழங்கினார். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர் எண்ணற்ற தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். மற்ற அருட்சகோதரிகளுக்குப் பொதுவான அனுமதி 1936இல்தான் கிடைத்தது. திருமணம் வேண்டாம் என்று வந்தவருக்கும் ஓர் அனுமதித் தாள் தேவைப்பட்டிருக்கிறது!

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன்.

முத்துலட்சுமி அம்மையார் திருமணமே வேண்டாம் என்றுதான் எண்ணியிருந்தார். மணமான பெண்கள் படும் பாட்டை நோயாளிகளின் கட்டிலருகே நின்று பார்த்தவர் அவர். தம்முடைய சுதந்திரம் போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த வேளையில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பவர் அவரை மணக்க விரும்பினார். இங்கிலாந்தில் எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்ற அறுவை மருத்துவர் அவர். அப்படிப்பட்ட மாப்பிள்ளை தேடி வந்தால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? பூர்வ ஜன்மப் புண்ணியம், உடனே தலையை ஆட்டு என்பார்கள். அதிலும் தாயின் குலத்தைக் காட்டிக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தப்பட்ட பெண் அல்லவா? இவ்வளவு பெரிய இடத்திலிருந்து ஒருவர் வந்து ஏற்றுக்கொள்வதே பெரிது என்று அவர் குனிந்துகொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் குனியவில்லை. நிபந்தனை போட்டார். தம்மைத் தமக்குச் சமமானவராக அவர் என்றும் மதிக்க வேண்டும், தம்முடைய விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. இதுவே அந்த நிபந்தனை. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். 1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 1872ஆம் ஆண்டின் பதிவுத் திருமணச் சட்டப்படி, ஆடம்பரம் ஏதுமின்றி அத்திருமணம் நடந்தது. அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தேழு. அந்நாளில் அந்த வயதில் பேரன் பேத்தி எடுக்கத் தயாராக இருந்த பெண்களும் உண்டு.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவர் டாக்டர். கையில் தொழில் இருந்தது. கணவர் நாளைக்கு வாக்குத் தவறினாலும் தம் காலில் நிற்க முடியும். ஆகவே துணிந்து நிபந்தனை போட்டார். ஒன்றுமில்லாத பெண் எதைக் கொண்டு நிபந்தனை போடுவாள்? இந்த ஐயம் அம்மையாருக்கும் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் பிற்காலத்தில் செய்த வேலைகளை எல்லாம் பார்த்தால், தம்மைப் போல் வாய்ப்பில்லாத பெண்களின் கையிலும் நிபந்தனை போடுவதற்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று பாடுபட்டதாகவே தெரிகிறது.

சுந்தர ரெட்டி வாக்குத் தவறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண் மக்கள் பிறந்த பின்னர், 1925இல், மகளிர் மற்றும் குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க அரசாங்க உதவித்தொகையில் அம்மையார் இங்கிலாந்து சென்றார். 1926இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார். மனைவியின் படிப்புக்காக ஒரு குடும்பமே இடம் கொடுத்த காலம் அது.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இலேயே வந்துவிட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். தேர்தலில் நிற்கும் உரிமை 1926இல் வந்தது. அத்தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் என்ற வீரப் பெண்மணி நின்று சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றார். பிறகு, இந்தியப் பெண்கள் சங்கத்தாரின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் சட்ட மேலவைக்கு நியமனம் செய்யப்பட்டார். அன்றைய சட்டமன்றத்துக்கு அதுதான் பெயர். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் அவர் தயங்கினாராம். 1927இல் அவையின் துணைத் தலைவராக எல்லா உறுப்பினர்களும் ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். திரைக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்ட மாணவி, இருபத்து மூன்று ஆண்டுகளில், ஆடவர் நிறைந்த அவையை நடத்தும் நாற்காலியில் அமர்ந்தார்!

அவையில் அவர் பேசியவை பல. பெண்களின் மருத்துவம், பள்ளிக் குழந்தைகளின் உடற்பரிசோதனை, இஸ்லாமியப் பெண்களுக்கு விடுதி, குழந்தைத் திருமணத் தடை எனப் பட்டியல் நீளும். 1929இல் சாரதா சட்டம் வந்து பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்தது. அது 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இன்று பதினெட்டு. நான் அன்று பிறந்திருந்தால் சட்டம் வந்த பிறகும்கூட எனக்குத் திருமணம் முடிந்து ஓராண்டு ஆகியிருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது தேவதாசி முறையை ஒழிக்கும் வேலை. பொட்டுக் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை 1927இல் அவர் கொண்டுவந்தார். அதற்கு அடுத்தபடியாக அவர் செய்த காரியத்தை நான் மிகவும் மெச்சுகிறேன். தேவதாசிப் பெண்ணுக்குக் கோயில் மானிய நிலம் உண்டு என்று முன்பே சொன்னேன். கோயில் பணியை விட்டுவிட்டால் அந்த நிலமும் போய்விடும். நிலம் போனால் சோறு போய்விடும். ஆகவே விட விரும்பியவராலும் விட முடியாது. தாய் தனக்குப் பின் மகளுக்கும் பொட்டுக் கட்டுவாள். அம்மையாரின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே உரியது என்றாயிற்று. வெறுமனே விட்டுவிடு என்று புத்தி சொல்லாமல், விடுவதற்கு வேண்டிய வழியைக் கையில் கொடுத்தது அந்தச் சட்டம்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசத் தலைவர்களே எதிர்த்தார்கள். கோயில் வழக்கத்தில் கை வைக்கக் கூடாது, கலை அழிந்துவிடும் என்றெல்லாம் வாதம் செய்தார்கள். ஆடவர் எதிர்த்ததை எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுகிறார்கள். ஆனால் தேவதாசிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள் என்பதைப் பலர் எழுதுவதில்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தம் சொந்தச் செல்வத்தில் கோயில் எழுப்பினாரே, அவர்தான். மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுத்தே தெரியாத காலத்தில் தாங்கள் படித்தவர்கள், சொத்து வைத்திருப்பவர்கள், வரி கட்டுபவர்கள், கலையால் வாழ்பவர்கள், தங்கள் எல்லோரையும் ஒரே இழிசொல்லால் குறிப்பது நியாயமா என்று அவர்கள் அரசுக்கு விண்ணப்பம் செய்தார்கள்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். அம்மையார் செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏழு வயதுக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டும்போது அவளை யார் கேட்டார்கள்? ஆனால் நாகரத்தினம்மாள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தம்முடைய வாழ்க்கைக்குத் தாமே நிபந்தனை போட்ட அம்மையார், அந்தப் பெண்களுடைய பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாமோ? சதிராட்டம் கூடாது என்றும் அவர் 1930களில் கடுமையாக எழுதினார். பிறகு அந்த ஆட்டமே பரதநாட்டியம் என்ற பெயரோடு பெரிய வீட்டுப் பெண்களிடம் சென்றது. ஒவ்வோர் ஆண்டும் மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கிறதே, நானும் என் தோழியரும் போய்ப் பார்க்கிறோமே, அந்த அடவுகளையும் அபிநயத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் காத்து வந்தவர்கள் சந்திரம்மாளின் குலத்துப் பெண்கள். அவர்களுடைய பேத்திகளுக்கு அந்த மேடையில் எத்தனை இடம் கிடைத்தது?

1930இல் காந்தியடிகள் சிறை வைக்கப்பட்டதும் அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அந்தக் காலத்தில்தான் ஒரு நாள், பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு அஞ்சித் தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை எந்த விடுதியிலாவது சேர்க்கலாம் என்று பார்த்தால், குலத்தைக் கேட்டுவிட்டு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் போட்டாயிற்று, தீர்மானம் போட்டாயிற்று, படுக்கப் பாய் போட இடம் இல்லை! அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று. 1936இல் அது அடையாற்றுக்கு மாறியது. ஆதரவற்ற பெண் குழந்தைகள் அங்கே வந்து படித்து ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் ஆனார்கள். கல்லூரி வாசலில் தமக்கு மறுக்கப்பட்ட இடத்தை, அதே காரணத்துக்காக மறுக்கப்பட்ட பெண்களுக்கு அவர் தம் கூடத்திலேயே கொடுத்தார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பொட்டுக் கட்டுவதை முற்றிலும் தடுக்கும் சட்டம் நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இருபது ஆண்டுப் போராட்டம்! இதில் அவருக்குத் தோள் கொடுத்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவரும் அதே குலத்தில் பிறந்து, அம்முறையின் கொடுமையை நாவலாக எழுதியவர். அவர் பெயரால் 1989 முதல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி வழங்கப்பட்டு வந்தது. பணத்தோடு தாலிக்குத் தங்கமும் தந்த அந்தத் திட்டம் 2022இல் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டது. கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். தாலிப் பொன்னாக இருந்தது கல்லூரிப் பணமாக மாறிவிட்டது. என் அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பொன் விலை விற்கிற விலையில் எட்டு கிராம் என்றால் சும்மாவா என்கிறார்.

அம்மா பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். காதல் மன்னன் என்று பெயர் பெற்ற நடிகர் ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அம்மையார் அத்தை முறை. இதைச் சொன்ன பிறகுதான் என் அம்மா இக்கட்டுரையை முழுவதும் படித்துக் காட்டச் சொன்னார்.

இனி அடையாறு மருத்துவமனையின் கதை. 1923இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். பெரிய டாக்டர் என்று பெயரெடுத்தும் சொந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை இறந்து முப்பத்தோராண்டுகள்! அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் அங்கே வந்து சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தா, அரசாங்க வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 2021இல் மறையும்வரை அந்த மருத்துவமனையே அவர் வீடாக இருந்தது. நிபந்தனையோடு மணந்தவர் தொடங்கியதை, மணமே வேண்டாம் என்றவர் வளர்த்தார்.

1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்து இரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அவர் இயற்கை எய்தினார்.

இக்கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் என் பெரியம்மா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாப்பிள்ளை நல்லவர், நல்ல வேலையில் இருக்கிறார். படிப்பை முடிக்க வேண்டும், பிறகு வேலைக்கும் போக வேண்டும் என்று அக்கா சொன்னதற்கு, மாப்பிள்ளையின் தாயார் அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் காபித் தட்டை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். முந்தின நாள் இரவுதான் 1914ஆம் ஆண்டு நிபந்தனையை அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். பிறகு என்றால் எந்த மாதம் என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். கூடத்தில் சத்தமே இல்லை. பெரியப்பா இருமினார். மாப்பிள்ளை மட்டும் அம்மாவைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து, கேட்டது நியாயம்தான், கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். பெரியம்மா இரண்டு நாள் அக்காவிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்கும் இந்த நாள்வரை அங்கிருந்து பதில் வரவில்லை. அக்கா வழக்கம்போலக் காலை ஏழு மணிப் பேருந்தில் செங்கல்பட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள்.